வெள்ளை விழுந்த முகம்

கோதண்டராமனின் கன்னத்தில் அவருடைய அக்கா சந்திரம்மா பவுடரை அப்பிக்கொண்டிருந்தாள். தலைமாட்டில் இருந்த சம்பூர்ணம் எட்டி அவள் கையைப் பிடித்தாள்.

"இன்னா அண்ணி பண்றே?"

"டி.வி. ஆபீஸ்லேர்ந்து பெரியவங்கள்லாம் வர்றாங்களாம்டி. இந்த வெள்ளைய அவங்க பாக்கணுமா?"

"அவங்க பாக்காததா? வுடு."

ஈரத்துண்டை எடுத்துப் புருஷன் முகத்தைத் துடைத்தாள். உதட்டோரத்திலும் மோவாயிலும் வெண்திட்டுகள் மறுபடி தெரிந்தன. கூடத்திலிருந்த பெண்கள் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

விடியற்காலையில் பல் துலக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கிணற்றடியில் உட்கார்ந்தவர், பிறகு எழுந்திருக்கவில்லை.

டி.வி.யில் செய்தி வாசித்தவர் அவர். செங்கல்பட்டில் மின்சார ரயில் ஏறிச் சென்னைக்குப் போய் வருவார். பழைய ஸ்டூடியோவில் ஒரு திரைச்சீலை, ஒரு மேசை, தள்ளி நின்ற ஒரு காமிரா. அதற்கு அவருடைய வெண்திட்டுகள் பெரிதாகத் தெரியவில்லை. போன சித்திரையில் எல்லாம் மாறிற்று. புது அரங்கம், வளைந்த மேசை, பின்னால் உலகப்படம், முகத்துக்கு நேராகக் கொட்டும் வெளிச்சம். காமிராவும் கிட்டே வந்துவிட்டது. ஒத்திகையன்று முகம் முழுக்கச் சாயம் பூசிவிட்டார்கள். கண்ணாடியில் பார்த்தவர், குழாயடிக்குப் போய்க் கழுவிவிட்டு வந்து அப்படியே மேசையில் உட்கார்ந்தார். மறுநாளிலிருந்து அவருக்குப் படங்களுக்குப் பின்னாலிருந்து குரல் கொடுக்கும் வேலை. மேசைக்குப் பாலசுப்ரமணியன் என்ற இளைஞன் வந்தான்.

"கழுவிட்டேன் சம்பூர்ணம்" என்று மட்டும் அன்றைக்கு வீட்டில் சொன்னார். அதில் வருத்தம் இருந்ததா என்று அவளுக்கு இன்னமும் தெரியாது.

உச்சிவெயிலில் நிலையத்து அதிகாரி உலகநாதன் மாலையோடு வந்தார். மாலையைப் போட்டுவிட்டு, ஓர் உறையிலிருந்து போட்டோவை எடுத்து நீட்டினார்.

"இன்னைக்குச் செய்தியில சாரைப் பத்திச் சொல்றோம்மா. இந்தப் படத்தைக் காட்டலாம்னு இருக்கோம். ஆர்ட்டிஸ்டை விட்டுக் கொஞ்சம் சரி பண்ணியிருக்கு."

படத்தில் உதடு, மோவாய் எல்லாம் ஒரே நிறமாக இருந்தன.

"யாருங்க இது?" என்றாள் சம்பூர்ணம்.

"அம்மா..."

"இந்த ஆள எனக்குத் தெரியாது."

உள்ளே போய் அலமாரியிலிருந்து இன்னொரு படத்தைக் கொண்டுவந்தாள். "பொங்கலுக்கு இங்க பஜார்ல எடுத்தது. இதப் போடுங்க. இல்லியா, ஒண்ணியும் போடாதீங்க. பேரும் சொல்லாதீங்க."

"புது ஸ்டூடியோம்மா. மேல கேக்கணும்."

"கேளுங்க. அவரு உசுரோட இருக்கச்சே அவருக்காக யாருமே போய்க் கேக்கல. இப்பவாவது கேளுங்க."

"அண்ணி, பெரிய ஆபீசரு..." என்று கொழுந்தன் காசிநாதன் குறுக்கிட்டான்.

"இருக்கட்டும்."

உலகநாதன் தான் கொண்டுவந்ததை உறைக்குள் வைத்தார். அவள் நீட்டியதை வாங்கிக்கொண்டு காரில் ஏறினார்.

பிள்ளையில்லாத அண்ணனுக்குக் காசிநாதன்தான் கொள்ளிச்சட்டி தூக்கினான். பெண்கள் தலை முழுகி, வீடு கழுவி, விளக்கேற்றி உட்கார்ந்தார்கள். சாயந்திரம் சம்பூர்ணம் எழுந்து டி.வி. பக்கம் போனாள்.

"சாவு வூட்லயாடி? ஊரு இன்னா பேசும்?" என்றாள் சந்திரம்மா.

"பேசட்டும். அவரு சேதி வருதா இல்லியான்னு நான் பாக்கணும்."

குமிழைத் திருகினாள். தெருவில் போனவர்கள் ஜன்னலோரம் நின்றார்கள். பாலசுப்ரமணியன் வாசித்துக்கொண்டே போனான். டில்லி வந்தது, அணைகளின் நீர்மட்டம் வந்தது.

"வராதுடி" என்றாள் சந்திரம்மா.

அப்போதுதான் அவன் கோதண்டராமன் என்ற பெயரைச் சொன்னான். பொங்கலுக்கு எடுத்த படம் திரை முழுக்க நின்றது. உதட்டோரம் வெள்ளை, மோவாயில் வெள்ளை.

படம் மறைந்து பாலசுப்ரமணியன் வந்தான். அடுத்த தாள் கையில் இருந்தது. வாய் திறக்கவில்லை. அத்தனை வெளிச்சத்துக்கு நடுவே, வளைந்த மேசையைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தான்.

"படி தம்பி" என்றாள் சம்பூர்ணம்.

அவன் தொண்டையைச் செருமிக்கொண்டு நிமிர்ந்தான். மாமல்லபுரம் கடலோரத்தில் காற்று பலமாக வீசும், மீனவர்கள் கடலுக்குள் போக வேண்டாம் என்று வாசிக்கத் தொடங்கினான்.