வைக்கோல் இருக்கும் பக்கம்

முக்கோணத்தின் எந்த இரண்டு பக்கங்களைக் கூட்டினாலும் மூன்றாவதைவிட நீளமாகத்தான் இருக்கும் என்று அமலி பதினோரு வருடமாக ஹைஸ்கூல் பிள்ளைகளுக்கு நிரூபித்துக் காட்டி வந்தாள். அவள் கணவன் ரூஃபஸோ எபிகூரியர்களைப் பற்றி எங்கோ படித்துத் தொலைத்திருந்தான். இன்பமே வாழ்வின் பயன் என்ற பழைய கிரேக்கத் தத்துவக்காரர்கள் அவர்கள். ஜியோமெட்ரி என்றால் அவர்களுக்கு இளக்காரம்.

"இது கழுதைக்கே தெரியும்னு சிரிச்சிருக்காங்க, அமலி. வைக்கோலைக் காட்டினா ரெண்டு பக்கம் சுத்தாம நேரா போய் நிக்கும். அதுக்கு யாரு ப்ரூஃப் சொல்லிக் குடுத்தா?"

ஒரு வாரமாக இதே பாட்டு.

அன்று காலை அவர்கள் குடியிருந்த பிளெய்ன்ஸ்பரோவில் மூடுபனி. அபார்ட்மெண்ட் வாசலிலிருந்து பார்க்கிங்குக்கு, புல்வெளியின் இரண்டு ஓரங்களைச் சுற்றிக்கொண்டு நடைபாதை வளைந்து போகும். பொறுமையில்லாதவர்கள் குறுக்கே மிதித்துத் தடம் போட்டிருந்தார்கள். அதில் இறங்கிய ரூஃபஸ் நொடியில் காரை அடைந்துவிட்டான்.

அமலி நடைபாதையிலேயே நடந்தாள். ஓரத்துச் செர்ரி மரங்கள் பூத்திருந்தன. பனியில் மரம் கரைந்துபோய், பூக்கள் மட்டும் அந்தரத்தில் வெளிச்சமாக மிதந்தன. மூலையில் நின்றாள். இதழ்கள் அவசரமில்லாமல் அவள்மேல் இறங்கின. நின்றது எவ்வளவு நேரம் என்று அவளுக்கே தெரியாது.

"கழுதைகூட நேரா வந்திருக்கும்!" ரூஃபஸ் காரிலிருந்து கத்தினான்.

தலையில் ஒட்டிய இதழ்களைத் தட்டாமலே அமலி வந்து உட்கார்ந்தாள்.

"வந்திருக்கும். ஆனா என் வைக்கோல் அந்தப் பக்கம்ல இருந்துச்சு."