கடைசிப் பழைய பெட்டி

என் ஒரிஜினல் சர்டிபிகேட்டுகள் முதலாளியின் இரும்பு பீரோவில் இருந்தன. வேலைக்குச் சேர்ந்த அன்றே, "பத்திரமா இருக்கும்மா பூமயில்" என்று முதலாளி வாவு முகம்மது வாங்கி உள்ளே வைத்துவிட்டார். இன்ஜினியரிங் படித்தவள் ஏன் கொடுத்தாள் என்று கேட்பவர்கள் இந்தப் பக்கம் வேலை தேடிப் பார்த்திருக்க மாட்டார்கள். இப்போது, 2007-இல், பெங்களூரில் எனக்கு வேறு வேலை கிடைத்திருந்தது. ஆவணி பிறந்ததும் ஒரிஜினலோடு போய் நிற்க வேண்டும். இல்லையென்றால் வேறு ஆளை எடுத்துக்கொள்வார்கள்.

திருப்பாலைக்குடிக்குத் தெற்கே, கடலை ஒட்டி எங்கள் இறால் பண்ணை. ஒவ்வொரு குட்டைக்கும் ஒரு பெட்டி, அதற்குள் தீப்பெட்டி அளவில் ஒரு கம்ப்யூட்டர். தண்ணீரில் பிராணவாயு குறைந்தால் அந்தப் பெட்டி பக்கத்துப் பெட்டிக்குச் சொல்லும், அது அடுத்ததற்குச் சொல்லும், கடைசியில் மோட்டார் ஓடித் தண்ணீரைக் கலக்கும். செய்தி நடுவில் எங்காவது நின்றுபோனால் ஒரு குட்டை இறால் மொத்தமும் செத்துப்போகும்.

தொல்லை என்னவென்றால், பெட்டிகளில் பாதி பழசு, பாதி புதுசு. பழசு ஒன்றைச் சொன்னால், 'கேட்டேன்' என்று பதில் வரும்வரை வேறு வேலை பார்க்காது. புதுசு பதிலே சொல்லாது. தன் பங்கை ஒரே மூச்சில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும். இரண்டையும் பேசவைக்க நான் ஒரு நிரல் தொகுப்பு எழுதினேன். எங்கள் தொழிலில் அதை லைப்ரரி என்போம். புதுசுக்குப் பதிலாக அதுவே பழசுக்குப் பதில் சொல்லும். பழசின் நீட்டி முழக்கலைச் சுருக்கிப் புதுசுக்குக் கொடுக்கும். பழசே இல்லாவிட்டால் அதற்கு வேலை இல்லை. அதன் உள்ளும் புறமும் தெரிந்தவள் நான் ஒருத்திதான். அதுதான் வினையாகப் போயிற்று.

விலகுகிறேன் என்று சொன்னபோது முதலாளி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் கத்தித் தீர்த்திருப்பேன். மனிதர் டீ வரவழைத்தார்.

"பழைய பெட்டி ஒண்ணாவது ஓடுற வரைக்கும் நீ இருக்கணும்மா. கடைசிப் பழசு என்னைக்கு நிக்கிதோ, அன்னைக்கு வந்து சர்டிபிகேட்ட வாங்கிக்க. சொன்ன சொல் மாறமாட்டேன்."

மாறமாட்டார் என்பது ஊருக்கே தெரியும். உப்புக்காற்றில் எந்தப் பெட்டி தாங்கும் என்று நானும் தலையாட்டினேன். நினைத்தபடியே ஒவ்வொன்றாகத் துருப்பிடித்து நின்றன. சித்திரை முடிவதற்குள் ஒன்றே ஒன்று மிஞ்சியது, கிழக்குக் கோடிக் குட்டையில். அது மட்டும் சாகவில்லை. ஆனி போயிற்று, ஆடியும் வந்தது. தினமும் காலையில் திரையில் முதலில் அதைத்தான் தேடுவேன். படுத்த படுக்கையாகக் கிடக்கும் பெரியப்பாவுக்கு இன்னும் மூச்சு ஓடுகிறதா என்று எட்டிப் பார்க்கும் வாரிசு மாதிரி ஆகிவிட்டேன். என்னை நினைத்தால் எனக்கே அசிங்கமாக இருந்தது.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் அங்கேயே போய்ப் பார்த்தேன். மோட்டார் மெக்கானிக் பால்சாமி அண்ணன் அந்தப் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு, பல் துலக்கும் பிரஷ்ஷால் உப்பைச் சுரண்டிக்கொண்டிருந்தார். சைக்கிள் டியூபை வெட்டி அதற்கு உறை வேறு போட்டிருந்தார்.

"என்னண்ணே செய்றீங்க?"

"தெனம் தொடச்சு விடுறேன் தாயி. இதுவும் நின்னுபோச்சுன்னா ஒன் வேலையும் போயிரும்ல. பெத்த அய்யா இல்லாத பிள்ள, எங்கன போய் நிப்ப?"

வந்த கோபத்துக்கு அவரைக் குட்டையில் தள்ளியிருப்பேன். அடுத்த நொடியே கோபம் வடிந்துவிட்டது. அந்தப் பண்ணையில் என்மேல் அத்தனை அக்கறை வேறு யாருக்கும் இல்லை. பெங்களூர் விஷயத்தைச் சொன்னேன். அவர் பிரஷ்ஷைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல தாயி. இனிமே தொடமாட்டேன்."

தொடவில்லை. அந்த வாரமே பெட்டி நின்றது. அதன் இடத்தில் புதுசை மாட்டிவிட்டு, தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு முதலாளியைப் பார்க்கப் போனேன்.

அவர் வாசலிலேயே நின்றிருந்தார். முகமெல்லாம் சிரிப்பு. ஒரு லாரி பின்பக்கமாக உள்ளே வந்துகொண்டிருந்தது.

"கடைசிப் பெட்டி நின்னுருச்சு முதலாளி" என்றேன்.

"அல்ஹம்துலில்லாஹ், சரியான நேரத்துல லாரி வந்திருச்சு பாரு. நாகப்பட்டினம் பக்கம் ஒரு பண்ணைய மூடுறாங்க. அவுக பெட்டி அம்புட்டையும் எடுத்துட்டேன். எல்லாம் நம்ம பழைய மாடல்தான். இந்தப் பழச எவன் வாங்குவான்னு கேலி பண்ணுனாங்க. எங்கிட்ட பூமயில் இருக்குன்னு சொல்லிட்டேன்."

அந்த முகத்தில் சூது இருக்கிறதா என்று தேடினேன். துளிகூட இல்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

"நான் பெங்களூரு போகணும் முதலாளி."

"போகலாம்மா. நான் சொன்ன சொல் அப்படியேதான் இருக்கு. பழசு ஓடுற வரைக்கும்."

"இதுக ஓடலைன்னா?"

"ஓடலைன்னா லாரிய இப்பவே திருப்பி அனுப்பிருறேன். நீயும் சர்டிபிகேட்ட வாங்கிட்டுக் கிளம்பு. ஒண்ண மாட்டிப் பாரு."

இருந்ததிலேயே அதிகம் துருவேறிய பெட்டியாகப் பார்த்து எடுத்தேன். எல்லாரும் சுற்றி நின்றார்கள். மோட்டார் ஓடினால் மறைக்க முடியாது. வயரை மாட்டும்போது, ஓடவே கூடாது என்று கடலாடியில் இருக்கும் எங்கள் குலசாமியை வேண்டினேன். பெட்டி ஒருமுறை பேசியது. நான் எழுதிய லைப்ரரி, ஒரு குறையும் இல்லாமல், உடனே பதில் சொன்னது. குட்டையில் மோட்டார் ஓடத் தொடங்கியது.

முதலாளி கைதட்டினார். லாரியில் வந்தவர்களும் தட்டினார்கள். பால்சாமி அண்ணன் மட்டும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எல்லாத்தையும் எறக்குங்கப்பா" என்றார் முதலாளி.