அக்கா கத்திய சாயங்காலம்

1

இந்தக் கதை என்னுடையதல்ல, அக்காவிடமிருந்து வாங்கியது. போன வாரம் போனில் அழைத்து, "இன்னிக்குப் பொண்ணைத் திட்டிட்டேன்டா" என்றாள். பரீட்சையில் தேறியவளின் குரல். எழுதட்டுமா என்று கேட்டேன். எழுதிக்கொள், ஆனால் என்னை நினைத்து யாரும் உச்சுக்கொட்டக் கூடாது என்றாள்.

ஆகவே என் முதல் தொடக்கத்தை அடித்துவிட்டேன். அது இப்படிப் போனது:

மாடிப்படியில் அப்பாவின் செருப்புச் சத்தம் கேட்டதும் அந்த இரண்டு குழந்தைகளும்

(பார்த்தீர்களா, உச்சுக்கொட்டப் போனீர்கள்.)

2

நடந்ததைச் சொல்கிறேன். அக்காவுக்குப் பத்து வயது. ஒருநாள் பள்ளி விட்டதும் தோழி வீட்டுக்குப் போய்விட்டு இருட்டிய பிறகு வந்தாள். எங்கே போனாய் என்று அப்பா கேட்கவில்லை. கத்திக்கொண்டே வந்து ஓர் அறை விட்டார். அன்றிலிருந்து அவளுக்கு இடது காது மந்தம்.

அப்பாவை இந்தக் கதையில் எங்கே வைப்பது என்று எனக்குப் பிடிபடவில்லை. கொஞ்சம் நியாயம் செய்வோமே என்று, "அவருடைய அப்பாவும் அவரை..." என ஆரம்பித்தேன். உண்மைதான். ஆனால் அந்த வாக்கியத்தை முடித்தால் கணக்குத் தீர்ந்துவிட்ட மாதிரி ஆகிவிடும். பாதியிலேயே கிடக்கட்டும்.

3

அக்கா இப்போது மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறாள். கண்ணாடி வில்லைகளைச் சட்டத்துக்கு ஏற்றபடி தேய்த்துப் பொருத்துவாள். ஒரே மகள், ஒன்பது வயது. வீட்டில் அவளுக்கு வாலு என்று பெயர்.

வாலு எதைச் செய்தாலும் அக்காவிடம் ஒரே வார்த்தைதான்: பரவாயில்லை. பால் கொட்டினால் பரவாயில்லை. கணக்கில் முட்டை வாங்கினால் பரவாயில்லை. கைபேசி வாளித் தண்ணீருக்குள் போனபோதும் அதேதான். திட்டும் இலாகா முழுக்க மாமாவிடம் இருந்தது. (மாமா என்றது அக்காவின் கணவரை. அவர் திட்டினால் வாலு சிரிப்பாள். அவ்வளவு பெரிய திட்டு.)

[பக்கத்தின் அடியில் வரவேண்டியது: குரல் உயர்ந்தால் பின்னாலேயே கையும் உயர்ந்துவிடும் என்று அக்கா பயந்தாள். அப்பாவிடம் இரண்டும் சேர்ந்தேதான் வரும்.]

4

அன்று அக்கா வேலை முடிந்து வந்தபோது வீடு பூட்டிக் கிடந்தது. பள்ளியில் யாரும் இல்லை என்றார் காவலாளி. தெருத்தெருவாக நடந்தாள். மாமாவுக்குப் போன் போட்டாள், எனக்கும் போட்டாள். என்ன சொன்னாள் என்று இருவருக்குமே புரியவில்லை. விளக்குப் போடும் நேரத்தில் வீடு திரும்பினால், வாசற்படியில் வாலு. தோழி வீட்டில் பூனை குட்டி போட்டிருக்கிறதாம்.

(அதே தோழி வீடு, அதே இருட்டு. நானாகக் கற்பனை செய்திருந்தால் இவ்வளவு அப்பட்டமாக அமைத்திருக்க மாட்டேன். வாழ்க்கைக்கு அந்தக் கூச்சமெல்லாம் கிடையாது.)

அக்கா அவள் தலையைத் தடவினாள். "பரவாயில்லைம்மா. உள்ள வா."

வாலு எழுந்திருக்கவில்லை. "நான் காணாமப் போனாலும் உனக்குப் பரவாயில்லையா?"

அவ்வளவுதான். அக்கா கத்தினாள். எங்கெல்லாம் தேடினேன் தெரியுமா, ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகக் கூடாதா, உயிரே போய்விட்டதே என்று கத்திய கத்தலில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. வாலு ஓவென்று அழுதாள். அக்கா ஓய்ந்ததும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "முடிஞ்சுதா?" என்று கேட்டு, அம்மாவின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள்.

இதுவரைக்கும் போனில் ஒரே மூச்சில் சொன்னாள் அக்கா. பிறகு மெதுவாக:

"கத்தினேன்டா. ஆனா கை எழும்பவே இல்ல. பையைப் பிடிச்சுக்கிட்டு அது பாட்டுக்குத் தொங்கிட்டு இருந்துச்சு."

5

முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் அக்கா அப்பாவின் படத்துக்கு முன்னால் நின்று அவரை மன்னிக்கிறாள். அதைப் படித்துவிட்டு, "நான் எப்படா மன்னிச்சேன்?" என்றாள். அடித்துவிட்டேன். இன்னொன்றில் வாலு வளர்ந்து, தன் பிள்ளையை... வேண்டாம். அவள் இன்னும் நாலாம் வகுப்பையே முடிக்கவில்லை.

இன்று காலை அக்காவை அழைத்தேன். பேச்சின் நடுவில், ஈரத் துண்டை ஏன் மறுபடி மெத்தைமேல் போட்டாய் என்று மகளிடம் கேட்டாள். வெறும் எரிச்சல், வேறொன்றும் இல்லை. எத்தனையோ வீடுகளில் அன்றாடம் கேட்கும் குரல்தான். எங்கள் குடும்பத்துக்குப் புதிது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

வாலு வெடுக்கென்று ஏதோ பதில் சொன்னாள். என்னவென்று எனக்குக் கேட்கவில்லை, அக்காவிடம் விசாரிக்கவும் இல்லை. எதிர்த்துப் பேசும் பிள்ளை உங்கள் வீட்டிலும் இருந்தால், கடைசி வரியை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.