பொட்டு வைத்த குண்டு

உலகநாதன் ரிட்டயரான மறுவாரத்திலிருந்து, எங்கெங்கோ சுடப்பட்ட துப்பாக்கிக் குண்டுகள் சைனிக்புரியில் அவர் வீட்டு வாசலுக்குத் திரும்பி வரத் தொடங்கின. வேகமாக ஒன்றும் வரவில்லை. களைத்துப்போய், பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் விழுந்தன. தொட்டால் சூடு. எல்லாம் தோட்டா ஃபாக்டரியில் அவர் சோதித்து 'பாஸ்' போட்டவை. முதல் நாள் அவர் மனைவி கனகவல்லி அலறிய அலறலில் தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டு சாய்குமார் போலீஸுக்கு போன் போடப் போனான். "நக்கோ, வேணாம் தம்பி, நான் அனுப்பினதுதான்," என்றார் உலகநாதன். போகப் போகத் தெருவும் பழகிவிட்டது. பழகாமல் என்ன செய்யும்?

மனுஷன் ஊறுகாய் ஜாடிகளில் ரகம் பிரித்துப் போட்டார். ஆன்டிமணி உலோகம் சேர்த்துக் கெட்டிப்படுத்திய, தகடு போர்த்தாத ஈயம், பட்ட இடத்தில் சப்பையாகிவிடும். நுனி மூக்கில் ஈயம் தெரிகிறதும், மூக்கில் குழி உள்ளதும் உடம்புக்குள் போய் விரியும். நடுவில் எஃகு வைத்தது இரும்புத் தகட்டையே துளைக்கும். ரப்பர், கூட்டத்தைக் கலைக்க. செம்புத் தகடு போர்த்தியது பட்டாளத்துக்கு; அது நசுங்காமல் உருவிக்கொண்டு போகும். "அட பாவி மனுஷா, இத்தனை ரகமா!" என்று கனகவல்லி வாயில் அடித்துக்கொண்டாள். அத்தனை வருஷமும் அந்தச் சம்பளத்தில்தான் உலை வைத்தாள்.

அவள் பயமெல்லாம் ஒரே ஒரு குண்டைப் பற்றித்தான். மகன் பாபு எல்லையில் செத்தது எதிராளி குண்டில் என்றுதான் எல்லாரும் சொன்னார்கள். அது இந்த வாசலுக்கு வந்தால் புருஷன் 'பாஸ்' போட்ட குண்டு என்றாகிவிடும்; வந்துவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டுதான் தினமும் கதவைத் திறந்தாள்.

சங்கராந்தி அன்று அது வந்தது. கோலம் போட நீட்டிய கையில் வந்து உட்கார்ந்தது. செம்புத் தகடு போர்த்தியது. மூக்கில் குங்குமப் பொட்டு, கலையாமல்.

ஆயுத பூஜைக்கு ஃபாக்டரிக்குள் குடும்பங்களை விடுவார்கள், மெஷினுக்கெல்லாம் பொட்டு வைக்கலாம். பாபு பட்டாளத்தில் சேர்ந்த வருஷம், தட்டிலிருந்த குண்டு ஒன்றுக்கும் கனகவல்லி பொட்டு வைத்தாள். "என் பிள்ளை எங்க இருந்தாலும் அவன்கிட்டப் போய்ச் சேரு, துணைக்கு இரு," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

இப்போது அவள் கையை மூடாமல் புருஷனைக் கூப்பிட்டாள். ஓடி வந்த உலகநாதன் பொட்டைப் பார்த்ததும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"சொன்ன சொல்லைத் தட்டாமப் போயிருக்குதுங்க," என்றாள்.

அதை ஜாடியில் போட அவள் விடவில்லை. பாபு படத்துக்கு முன்னால் இருக்கிறது, இன்றும் சூடு ஆறாமல். மற்றவை வழக்கம்போல வாசலில் விழுகின்றன. விடிந்ததும் விளக்குமாற்றோடு வருகிறாள், கூட்டி அள்ளும்போது ஒவ்வொன்றையும் கையில் எடுத்துக் கேட்கிறாள்: "நீ யாரு பெத்த பிள்ளைகிட்டப் போயிட்டு வர்றே?"