பெட்டிக்குள் இருந்த நாலாவது கை

ஏழாவது ஞாயிற்றுக்கிழமையும் கலைவாணனும் பெட்டியும்தான் ஜெயித்தார்கள். செல்வராஜ் ஜாய்ஸ்டிக்கைப் பாயில் வைத்துவிட்டு, டிவியைப் பார்க்காமல் கலைவாணனைப் பார்த்தான்.

"இது சீட்டப் பாக்குது, மச்சான்."

"எதப் பாக்குது?"

"என் கைய. அண்ணாத்த கைய. எல்லாத்தையும். நீதான் அப்பிடி எழுதி வச்சிக்கிற."

அண்ணாத்த என்றது மோசஸை. எழும்பூரில் ரயில்வே தபால் பிரிக்கிற வேலை அவருக்கு. செல்வராஜுக்குத் தாம்பரத்தில் ஒரு டயர் கடையில் ஸ்டோர்ஸ். கலைவாணன் கிண்டியில் எலக்ட்ரானிக் தராசு பழுது பார்க்கிறவன். மூவருக்கும் வீடு செங்கல்பட்டு. காலை ஏழு ஐம்பது எலக்ட்ரிக் ரயிலில், முழங்கால்களுக்கு நடுவே ஒரு சூட்கேஸை வைத்துத் துண்டை விரித்துப் பன்னிரண்டு வருஷம் 'இருபத்தெட்டு' ஆடியவர்கள். நாலாவது ஆள் வாசுதேவனை 2005-ல் திருச்சிக்கு மாற்றிவிட்டார்கள்.

இருபத்தெட்டு நாலு பேர் ஆட்டம். எதிரெதிரே உட்காருகிறவர்கள் ஜோடி. வாசுதேவன் இடத்தில் இரண்டு பேரை உட்காரவைத்துப் பார்த்தார்கள். ஒருவர் நல்ல சீட்டு வந்தால் பாட ஆரம்பித்துவிடுவார். இன்னொருவர் தன் சீட்டைப் பின்னால் நிற்கிறவரிடம் காட்டி யோசனை கேட்பார். ஆட்டம் நின்றே போயிற்று.

அப்போதுதான் கலைவாணனுக்கு அந்த எண்ணம் வந்தது. பரணில் ஒரு பழைய டிவி கேம் பெட்டி கிடந்தது. அந்தக் காலத்துப் பெட்டிக்கு இன்றைக்கும் புதுசு புதுசாக ஆட்டம் எழுதுகிறவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள் என்று பஸ் ஸ்டாண்டு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரில் படித்தான். எழுதியதைச் சில்லில் ஏற்றுவது அவனுக்குத் தராசில் பழகின வேலை. ஒரு கால்பந்து கேசட்டைப் பிளந்து, பழைய சில்லை எடுத்துவிட்டுத் தன் சில்லைச் செருகினான். ஐந்து மாதம் ஆயிற்று. ஆட்டின் சீட்டுக்கு இதயம் வரையப் போய் வெற்றிலை மாதிரி வந்தது. கிளாவர் காலிஃபிளவர் மாதிரி வந்தது. ஆனால் ஆட்டம் ஓடியது. மூன்று மனிதர்கள், நாலாவது கை பெட்டி.

ஒரே டிவியில் மூன்று பேர் சீட்டை எப்படி மறைப்பது? ஜாய்ஸ்டிக்கை ஒருவர் வாங்கிப் பட்டனை அழுத்தினால் அவர் கை மட்டும் திரையில் தெரியும். மற்ற இரண்டு பேரும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்ள வேண்டும். பட்டனை விட்டால் சீட்டு கவிழ்ந்துகொள்ளும். பெரிய மனிதர்கள் இப்படி முறைவைத்துச் சுவர் பார்ப்பதைக் கண்டு கலைவாணனின் மனைவி சரோஜா சிரித்துச் சிரித்துத் தண்ணீர் குடித்தாள்.

ரயிலில் செல்வராஜும் மோசஸும்தான் என்றைக்கும் ஜோடி. அதனால் பெட்டி கலைவாணனுக்கு ஜோடியாயிற்று. வந்தது வினை.

"பதினெட்டு வருசமா தராசு சரி பண்றவன்டா நான். ஒரு கிராம் ஏமாத்துனது இல்ல. பெட்டி அதோட எட்டு சீட்டத்தான் பாக்குது, சத்தியமா" என்றான் கலைவாணன். தான் எழுதியதன் பிரிண்ட் அவுட்டை எடுத்து நீட்டினான்.

"நீ எழுதனத நீயே காட்டுனா சாட்சியா? கூடுவாஞ்சேரி சீட்டு செட்டுல ஆள் கேக்கறாங்கோ. அடுத்த வாரம் கடைசி. அதுக்கப்புறம் நான் அங்க பூட்றேன்."

செல்வராஜ் போய்விடுவது ஒரு பக்கம். திருடன் என்று நினைத்துக்கொண்டு போவதுதான் கலைவாணனை அறுத்தது. திங்கள்கிழமை ரயிலில் இவனுக்கு முதுகைக் காட்டி உட்காருவான். அப்படி எத்தனை திங்கள்கிழமை?

"அப்ப அடுத்த வாரம் பெட்டி உனக்கு ஜோடி" என்றான்.

அடுத்த ஞாயிறு செல்வராஜும் பெட்டியும் ஜெயித்தார்கள். முதல் மூன்று ஆட்டம் வரைக்கும் செல்வராஜ் தொடையைத் தட்டினான். பிறகு முகம் சுருங்கியது.

"இன்னா மச்சான், நான் சும்மா குந்திக்கினுகீறேன், இதுவே ஜெயிக்குது!"

மோசஸ் அன்றைக்கு ஒரு நோட்டு கொண்டுவந்திருந்தார். யார் எந்தச் சீட்டைப் போட்டார்கள் என்று ஒன்று விடாமல் அதில் எழுதியிருந்தார். ஊர் ஊராகக் கடிதம் பிரிக்கிறவருக்கு அது கஷ்டமில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"ஒண்ணு கேக்கறேன். துருப்பு இன்னான்னு தெரியாம துருப்பையே வீணாத் தூக்கிப் போட்டிருக்கியா, செல்வராஜு?"

"எத்தினி வாட்டி! அதானே ஆட்டம்?"

அதுதான் ஆட்டம். அதிகப் பாயிண்ட் கேட்டு ஏலம் எடுக்கிறவன் ஒரு இனத்தை, மற்றதையெல்லாம் வெட்டுகிற துருப்பாக்கிச் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிடுவான். யாராவது திறக்கச் சொல்லும் வரைக்கும் அது ஆட்டினா இஸ்பேட்டா என்று அவனைத் தவிர யாருக்கும் தெரியாது. இறங்கிய இனம் கையில் இல்லாதவர், திறக்கச் சொல்ல மனமில்லை என்றால், ஏதோ ஒரு வேண்டாத சீட்டைத் தள்ளுவார். பாதி நேரம் அந்த வேண்டாத சீட்டே துருப்பாக இருந்து தொலையும்; திறக்காத துருப்பு எதையும் வெட்டாது.

"பெட்டி இன்னைக்கு இருபத்திரண்டு வாட்டி தெரியாம தள்ள வேண்டி வந்துச்சி" என்றார் மோசஸ். "அதுல பதினஞ்சு வாட்டி அது கையில துருப்பு இருந்துச்சி. கடைசில வெளிய வந்துச்சே, அத வச்சி சொல்றேன். ஒரு வாட்டி கூட துருப்பத் தள்ளல."

செல்வராஜ் எழுந்தான். செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டான்.

கலைவாணன் பிரிண்ட் அவுட்டைப் பாயில் பரப்பி உட்கார்ந்தான். சரோஜா விளக்குமாற்றோடு வந்து நின்றாள்.

"எழுந்திரு. இன்னா தேடிகினுகீறே?"

"நான் பண்ண திருட்டத் தேடறேன்."

"கெடைச்சா சொல்லு" என்று சுற்றிப் பெருக்கிவிட்டுப் போனாள்.

கிடைத்தது, பதினோராம் தாளில். வேண்டாத சீட்டை எப்படித் தள்ளுவது என்று ஒரே ஒரு தடவை எழுதியிருந்தான்: துருப்பை விட்டுவிட்டு மற்றதில் சின்னதைப் போடு. துருப்பு திறந்த பிறகு நடக்க வேண்டியதற்காக எழுதியது. பிறகு, திறப்பதற்கு முன்னால் தள்ளவும் அதையே கூப்பிட்டுவிட்டான். இரண்டாம் முறை எழுதச் சோம்பல். துருப்பு எது என்பது பெட்டிக்குள் ஓர் இடத்தில் இருக்கிறது, கேட்டால் சொல்லிவிடும். பெட்டி கேட்டிருக்கிறது.

சத்தம் போடாமல் திருத்தி வேறு சில்லைச் செருகிவிடலாம். யாருக்குத் தெரியும்? அப்படி நினைத்த அந்த நிமிஷம் அவனுக்கே பிடிக்கவில்லை.

மறுநாள் ரயில் கொளவாய் ஏரியைத் தாண்டும்போது சொன்னான். "செல்வராஜு, நீ சொன்னது பாதி நெஜம். சீட்டப் பாக்கல. ஆனா துருப்பப் பாக்குது. என் தப்பு."

செல்வராஜ் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அப்ப நீ சத்தியம் பண்ணது?"

"அப்ப எனக்குத் தெரியாது."

"உனுக்குத் தெரியாமயே உன் பொட்டிக்குத் தெரிஞ்சிக்கினு கீதா? நல்லாகீது நியாயம்."

மோசஸ் நடுவில் புகுந்தார். "அத விடு. எல்லாம் தெரிஞ்ச பெட்டிக்குத் தெரியாம இருக்க எப்பிடிப்பா சொல்லிக் குடுப்பே?"

கலைவாணனுக்கும் ராத்திரி முழுக்க அதே கேள்விதான். "நீங்க எப்பிடிண்ணே துருப்பக் கண்டுபிடிக்கிறீங்க?"

"ஏலம் எடுத்தவன் திறக்கறதுக்கு முன்ன துருப்ப எறக்கக் கூடாதுன்றது சட்டம். அப்ப அவன் எறக்குன இனமெல்லாம் துருப்பு இல்ல. ஒண்ணொண்ணா கழிச்சிகினே வருவேன்."

"மொத பிடியில? மொத நாலு சீட்டு விழறப்ப?"

"மொத பிடியில இன்னா தெரியும்? கண்ண மூடிக்கினு போட வேண்டிதான்."

ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த செல்வராஜ் திரும்பினான். "ஏலம் எடுத்தவன் ஒரே இனத்தையே எறக்கிகினு இருந்தா இன்னா பண்ணும் உன் பொட்டி?"

"முழிக்கும்."

"முழிக்கட்டும்" என்றான் செல்வராஜ். மறுபடி திரும்பிக்கொண்டான்.

இரண்டு வாரம் பிடித்தது. நாலாவது கைக்கென்று கலைவாணன் தனியாக ஒரு மூலை ஒதுக்கினான். திரையில் எல்லாருக்கும் தெரிகிறது மட்டும்தான் அந்த மூலைக்குப் போகும். துருப்பு இருக்கும் இடத்தை அங்கிருந்து எட்டிப்பார்க்க வழியில்லை. கழித்துக்கொண்டே வரும், கழிக்க ஒன்றும் இல்லாவிட்டால் குருட்டாம்போக்கில் போடும்.

ஞாயிற்றுக்கிழமை மோசஸ் வந்தார். பதினொரு மணிக்குச் செல்வராஜும் வந்து வாசலிலேயே நின்றான்.

"ஆட வரல. பாக்க வந்தேன்."

"நாலு பேரு ஆட்டத்துல பாக்கறதுக்கு ஆள் ஏது?" என்றார் மோசஸ். "குந்து."

செல்வராஜ் உட்கார்ந்தான். பெட்டியைத் தனக்கே ஜோடியாகக் கேட்டான். பக்கத்திலிருந்து பார்த்தால்தான் திருட்டு தெரியுமாம்.

மூன்றாவது ஆட்டம். மோசஸ் பதினேழுக்கு எடுத்துத் துருப்பைக் கவிழ்த்தார். கலைவாணன் ஆட்டின் இறக்கினான். பெட்டியிடம் ஆட்டின் இல்லை. சற்று யோசிப்பது போல் திரை நின்றது. பிறகு டைமன் ஏழைத் தள்ளியது.

அடுத்த பிடியில் செல்வராஜ் துருப்பைத் திறக்கச் சொன்னான். டைமன்.

அதற்கடுத்து மோசஸ் கிளாவர் ஜாக்கியை இறக்கினார். மூன்று பாயிண்ட். பெட்டியிடம் கிளாவரும் இல்லை. அந்த ஏழு மட்டும் இருந்திருந்தால் ஜாக்கியை வெட்டியிருக்கலாம். இருந்த ஒரே துருப்பை அது தூக்கி எறிந்துவிட்டிருந்தது. ஜாக்கி ஜாம் ஜாம் என்று மோசஸ் பக்கம் போனது.

செல்வராஜ் முழங்காலில் எழுந்தான்.

"யோவ்!" செல்வராஜ் டிவியைப் பார்த்துக் கத்தினான். "அறிவுகீதாய்யா உனுக்கு? கையில வேற சீட்டே இல்லயா? அந்த ஏழுதான் கெடைச்சிதா? ஜாக்கிய்யா அது, ஜாக்கி! இன்னா ஜோடிய்யா நீ? வாசுதேவன் கூட இத்தப் பண்ண மாட்டான்யா!"

"அதுக்குத் தெரியாதுப்பா" என்றார் மோசஸ்.

"தெரியலன்னா பதவிசா ஆடணும்! அண்ணாத்த, நீ சும்மா இரு. நான் என் ஜோடியாண்ட பேசிக்கினுகீறேன்."

அடுத்த கை விழுந்தது. கலைவாணனும் மோசஸும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்கள். செல்வராஜ் பட்டனை அழுத்தித் தன் சீட்டுகளைப் பார்த்தான். பிறகும் திரையோடு முணுமுணுத்துக்கொண்டே இருந்தான்: "இந்த வாட்டியாவது எவன் எத்த எறக்குறான்னு கவனிச்சிப் போடு, இன்னா?"