உதாரணத்துக்கு ஒரு பெயர்

யமுனா தன் வகுப்பில் ஊர்பேர் தெரியாத ஜானையும் மேரியையும் நுழைய விட்டதில்லை. இலக்கண உதாரணம் எதுவானாலும், வருகைப் பதிவேட்டில் உள்ள பெயர்தான் பலகையில் ஏறும். திருவரங்கம் அம்மா மண்டபம் சாலையில் ஒரு மருந்துக்கடையின் மேல்மாடியில், வங்கித் தேர்வுக்குப் படிக்கும் இருபத்திரண்டு பேர் காலை ஆறரை மணிக்கே வந்து உட்காருவதற்கு அந்தப் பழக்கமும் ஒரு காரணம். தன் பெயரைப் பலகையில் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது?

அந்த வியாழக்கிழமை ஆங்கிலத்தில் செயப்படுபொருள் நிரப்பி நடத்தினாள்.

"சில வினைக்குச் செயப்படுபொருள் மட்டும் போதாது. அந்தப் பொருள் என்ன ஆச்சு, எப்படி ஆச்சுன்னு சொல்ல இன்னொரு சொல் வந்தாத்தான் வாக்கியம் நிறையும். அவர்கள் சரவணனை ஆக்கினார்கள்னு நிறுத்திட்டா என்ன கேப்பீங்க?"

"சோறாவா, கொழம்பாவா டீச்சர்?" என்றான் கடைசி பெஞ்சு டோமினிக்.

சிரிப்பு ஓய்ந்ததும் அவள் சாக்பீஸை எடுத்து எழுதினாள்: 'தே எலெக்டட் பீமராவ் பிரசிடென்ட்.' அவர்கள் பீமராவைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். பீமராவ் செயப்படுபொருள்; தலைவர் என்பது அவரைப் பற்றிச் சொல்லி வாக்கியத்தை முடித்துவைக்கும் நிரப்பி.

முன்வரிசையில் பீமராவ் தலையைக் குனிந்துகொண்டார். பட்டப்படிப்பை முடித்துவிட்டு ஆட்டோ ஓட்டுகிறவர் அவர். ஞாயிற்றுக்கிழமை ஆட்டோ நிறுத்தச் சங்கத்துக்குத் தேர்தல். பன்னிரண்டு ஆண்டுகளாகத் தலைவர் நாற்காலியை விட்டு எழாத ரெங்கராஜை எதிர்த்து நிற்கத் துணிந்தவர் அவர் ஒருவரே. யமுனாவுக்கு அது தெரியும். தெரிந்தேதான், ஒரு வாழ்த்துப்போல எழுதினாள்.

"தலைவர் வாழ்க!" என்று கூவிய சரவணன், பலகையைப் படமெடுத்துத் தன் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டான்.

இருபது நிமிடம்கூட ஆகவில்லை. மாடிப்படி தடதடத்தது. ரெங்கராஜ் முன்னால் வந்தான். அவன் பின்னால் நான்கு பேர். இருவர் கையில் இரும்புக்குழாய்.

"எவன்டா எலெக்ட் பண்ணது? நாங்க இன்னும் ஓட்டே போடல. அதுக்குள்ள ரிசல்ட்டு ஊரெல்லாம் சுத்துது!"

"அது உதாரணம்ங்க. பாடம் நடத்திக்கிட்டு இருக்கேன். வெளியே போங்க" என்றாள் யமுனா.

பதிலாக ஒரு குழாய் ஜன்னலில் பாய்ந்தது. கண்ணாடி முன்வரிசையின்மேல் சிதறியது. தடுக்க எழுந்த டோமினிக்கின் முகத்தில் விழுந்த அடியில் மூக்கு உடைந்து, சட்டை முன்புறம் முழுவதும் சிவந்தது. பீமராவைச் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து வந்து, மேசைமேல் முகம் பதியத் தள்ளினார்கள். ஒருவன் அவர் முதுகில் முழங்காலை ஊன்றினான்.

ரெங்கராஜ் பலகையைப் பார்த்தான்.

"டீச்சரம்மா, அதை அழிச்சிட்டு என் பேரை எழுதுங்க. நாங்க போயிடறோம்."

கேட்டது அவ்வளவுதான். டஸ்டர் அவள் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. ஆனால் பாடத்தின் நடுவே ஒரு ரவுடி வந்து எதை எழுதுவது என்று சொல்வதா என்று அவளுக்கு உச்சந்தலை வரை சூடேறியது.

"அட்டென்டன்ஸ்ல இருக்கிற பேரைத்தான் எழுதுவேன். உங்க பேரு அதுல இல்லை."

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். ரெங்கராஜ் சிரித்தவரையும் பார்க்கவில்லை, அவளையும் பார்க்கவில்லை.

"வலது கையைப் புடிங்கடா."

பீமராவின் மணிக்கட்டை மேசை விளிம்பில் வைத்து அழுத்தினார்கள். குழாய் இறங்கியது. காய்ந்த மட்டை முறிவதைப்போல ஓர் ஓசை. அதன் பிறகுதான் அவர் அலறல் வந்தது. இரண்டாம் அடி விரல்களின்மேல் விழுந்தது. குழாய் மூன்றாம் முறை உயர்ந்தபோது யமுனா கத்தினாள்.

"எழுதுறேன்! எழுதுறேன், விடுங்க!"

டஸ்டரைத் தேடவில்லை. உள்ளங்கையாலேயே அழித்து, அந்த இடத்தில் ரெங்கராஜின் பெயரை எழுதினாள். அவன் பலகைக்கு அருகில் நின்று படம் எடுத்துக்கொண்டான்.

"கையெழுத்து நல்லாத்தான் இருக்கு, டீச்சர்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

மூக்கில் கைக்குட்டையை அழுத்தியபடி டோமினிக்தான் பீமராவின் ஆட்டோவை ஓட்டினான். காவிரிப் பாலத்தின் ஒவ்வொரு குலுக்கலுக்கும் பீமராவ் பல்லைக் கடித்தார். பை போல வீங்கிய அந்தக் கையை யமுனா தன் மடியில் தாங்கியிருந்தாள். சனிக்கிழமை அவருக்கு வங்கித் தேர்வு. தேர்வு போனால் போகட்டும். இந்தக் கை இனி ஆட்டோவையாவது ஓட்டுமா?

திருச்சி பெரிய ஆஸ்பத்திரிக்கு, மண்ணச்சநல்லூர் அரிசி ஆலையிலிருந்து வேலையைப் பாதியில் விட்டு ஓடி வந்தாள் அவர் மனைவி இருசம்மாள். தலைமுடியெல்லாம் தவிட்டுத் தூசி. நடந்ததை டோமினிக் சொல்லி முடிக்கும்வரை கேட்டாள்.

"பலகையில எழுத எங்க வீட்டுப் பேருதான் கெடச்சுதா? சரி, எழுதிட்டீங்க. அந்தாளு அழின்னு சொன்னப்பவே அழிச்சிருந்தா உங்களுக்கு என்னங்க கொறஞ்சு போயிருக்கும்?"

யமுனா சாக்பீஸ் தூள் படிந்த தன் உள்ளங்கையைப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரிக் காவல் சாவடி ஏட்டு, நோட்டும் கையுமாக வந்தார். எப்படி அடிபட்டது என்று கேட்டார்.

"படியில வழுக்கி விழுந்துட்டேன் சார்" என்றார் பீமராவ். இருசம்மாள் அவர் தோளைத் தடவினாள். சொல்லிக்கொடுத்தது அவள்தான். ஏட்டும் அதையே எழுதத் தொடங்கினார். பீமராவைச் சிகிச்சை அறைக்குள் தள்ளிக்கொண்டு போனார்கள்.

அது எழுதி முடிந்துவிட்டால் அந்தக் கையை யாருமே உடைக்கவில்லை என்றாகிவிடும். யமுனா எழுந்தாள்.

"அவர் விழல சார். என் வகுப்புக்குள்ள வந்து அடிச்சாங்க. ரெங்கராஜ், கூட நாலு பேரு."

இருசம்மாள் அவள் மணிக்கட்டைப் பற்றினாள். "வேணாங்க. நாளைக்கு எங்க வீட்டுக்குத்தான் வருவான்."

"புகார் உங்களுது இல்லம்மா, என்னுது. இடம் என்னுது, பார்த்தது நான். அவர் ஒண்ணுமே சொல்லலன்னு எழுதிக்குங்க சார். எல்லாம் நான் சொன்னதுன்னு என் பேருல எழுதுங்க."

ஏட்டின் பேனா நின்றது. "யோசிச்சுக்குங்க டீச்சர். அவன் லேசுப்பட்ட ஆளு இல்ல. நாளைக்கு நீங்க கடையைத் திறக்கணும்."

"கடை இல்லை, வகுப்பு. எழுதுங்க."

அவர் எழுதினார். அவள் படித்துப் பார்த்து, இரண்டு பிழைகளைத் திருத்தச் சொல்லி, கையெழுத்திட்டாள். மணிக்கட்டிலிருந்து இருசம்மாளின் பிடி மெல்லத் தளர்ந்தது.

"தனியா வீட்டுக்குப் போயிடாதீங்க" என்றாள், முகத்தைப் பார்க்காமலே. "அந்தத் தம்பியைக் கூட்டிக்கிட்டுப் போங்க."

உள்ளே எலும்பை இழுத்து நேராக்கினார்கள்போலும். பீமராவ் அலறினார். இரண்டு பெண்களும் ஒரே நேரத்தில் கதவை நோக்கி ஓடினார்கள்.