நாடு: சிலோன்

குப்பம்மாள் பேனாவை அரிசிப் பானைக்குள் ஒளித்துவைத்துவிட்டாள். வீட்டில் இருந்தது அந்த ஒரே பேனா. அது கிடைக்காவிட்டால் கையெழுத்துப் போட வேண்டியதில்லை என்பது அவள் எண்ணம். கணவர் பொன்னுச்சாமி, எங்கள் பேரிக்காய்த் தெரு மாரியம்மன் கோயில் கமிட்டித் தலைவர், கம்பளிக் குல்லாவைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு காது கேளாதவர்போல உட்கார்ந்திருந்தார். வாசலில் நின்ற சட்டக் கல்லூரி மாணவர்கள் இருவரின் சட்டைப் பையிலும் ஆளுக்கு மூன்று பேனா இருந்ததை அவள் யோசிக்கவில்லை.

எங்கள் சமையலறை ஜன்னல் அந்த வாசலைப் பார்த்துத்தான் திறக்கிறது. வீடு கட்டிய கொத்தனாரின் தப்பு அது.

விவகாரம் எதிர்வீட்டு லீலாவின் மகளைப் பற்றியது. மணிமேகலைக்கு அரசாங்க நர்சு வேலை கிடைத்துவிட்டது. செவ்வாய்க்கிழமை சான்றிதழ்களைச் சரிபார்க்கிறார்கள். ஆதார், வாக்காளர் அட்டை எல்லாமே அவளுக்கு உண்டு. ஆனால் பள்ளிக்கூடத்து மாற்றுச் சான்றிதழில் ‘நாடு’ என்ற இடத்தில் ‘சிலோன்’ என்று எழுதியிருக்கிறது. செவ்வாய்க்குள் அதைத் திருத்தாவிட்டால் வேலை வேறு ஆளுக்குப் போய்விடும்.

லீலாவின் அப்பாவும் அம்மாவும் எழுபத்துநாலில் இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி, இந்தியக் குடிமக்கள் என்று முத்திரை குத்திய காகிதத்தோடு இங்கே வந்தவர்கள். லீலா பிறந்ததே கொடைக்கானல் ஆஸ்பத்திரியில். டீயைத் ‘தேத்தண்ணி’ என்பாள். அதைத் தவிர அவளிடம் வெளிநாட்டுச் சரக்கு எதுவும் கிடையாது. ஆனாலும் தெருவுக்கு அது ‘சிலோன் வீடு’தான்.

மாணவர்கள் கோகுல்ராஜும் புவனாவும் வத்தலக்குண்டு வழியாக வளைவுக்கு வளைவு வாந்தி எடுத்தபடி மலையேறி வந்தவர்கள். ‘அகதிகளுக்கு இலவசச் சட்ட உதவி’ என்று சமுதாயக் கூடத்தில் பேனர் கட்டினார்கள். இரண்டு நாளாகியும் அகதி ஒருவரும் வரவில்லை, தெருவே வந்தது. பக்கத்து வீட்டுச் சேவல் நாலு மணிக்கே கூவுவதற்குத் தடையாணை கேட்டார்கள். ஆண்டிச்சாமி தன் பெண்டாட்டி வீரம்மாளிடமிருந்து அடைக்கலம் கேட்டார். எந்த நாட்டுக்குப் போக விருப்பம் என்று கோகுல்ராஜ் குறித்துக்கொள்ளவும் செய்தான்.

மூன்றாம் நாள் லீலா போனாள். தான் அகதி இல்லை என்று சொல்லத்தான் போனாள். கோகுல்ராஜ் விண்ணப்பத்தைப் பிரித்து, எந்தத் துன்புறுத்தலுக்கு அஞ்சித் தாயகத்தைவிட்டு வெளியேறினீர்கள் என்று வாசித்தான்.

“நான் எங்க தம்பி வெளியேறுனேன்? பொறந்ததுலருந்து இந்தத் தெருவுலதான் கெடக்கேன். திண்டுக்கல்லத் தாண்டி பஸ் ஏறுனதில்ல.”

புவனாவுக்குத்தான் விஷயம் புரிந்தது. மறுநாளே பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பழைய சேர்க்கைத் தாளை எடுக்கவைத்தாள். பிள்ளையைச் சேர்த்த அன்று லீலாவுக்கு லாட்ஜில் போர்வை துவைக்கும் சோலி. அதனால் அழைத்துப் போனது குப்பம்மாள். எந்த நாடு என்று டீச்சர் கேட்க, “சிலோன் வீட்டுப் புள்ள டீச்சர்” என்றிருக்கிறாள் இவள். டீச்சரும் எழுதிவிட்டார். அப்படி ஒரு பெயரில் இப்போது நாடே இல்லை என்பது இருவருக்கும் தோன்றவில்லை. விவரம் தந்தவர் தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் அன்றைக்கே திருத்தித் தருகிறேன் என்றார் தலைமையாசிரியை.

ரெண்டு வரி. அதற்குத்தான் பேனா அரிசிக்குள் போயிற்று.

ஏனென்றால் வெள்ளிக்கிழமை மாரியம்மன் திருவிழாவுக்குச் சாட்டு. கமிட்டிக்காரர்கள் வெற்றிலை பாக்குத் தட்டோடு வீடு வீடாக அழைப்பார்கள். தட்டு போகிற வீடுதான் ஊர் வீடு. அந்த வீட்டுப் பெண்கள்தான் முளைப்பாரி எடுக்கலாம். லீலாவின் வாசலை மட்டும் தட்டு தாண்டிப்போகும். முப்பது வருடமாக நான் பார்க்கிறேன்; அங்கே வந்ததும் தட்டு பிடிப்பவர் செருப்புப் பட்டையைச் சரிசெய்கிற சாக்கில் குனிந்தபடியே கடந்துவிடுவார். அது சிலோன் வீடு இல்லை என்று தலைவர் வீட்டம்மாளே எழுத்தில் ஒப்புக்கொண்டால் அப்புறம் தட்டு அங்கேயும் நிற்கத்தானே வேண்டும்?

“உங்களுக்கு சொந்த ஊரே இதானாம்மா?” என்று புவனா தாளை நிரப்பத் தொடங்கினாள்.

“பூர்வீகமே இதான்” என்றாள் குப்பம்மாள். தோண்டிக் கேட்டதில் அவள் அடுக்கம் கிராமத்திலிருந்து தொண்ணூற்றாறில் வாக்கப்பட்டு வந்தவள். பொன்னுச்சாமி தாண்டிக்குடியிலிருந்து ஓட்டல் வேலைக்கு வந்தவர். லீலா பிறந்தது எழுபத்தெட்டில். புவனா வருடங்களைக் கீழே கீழே எழுதிவிட்டு, பேனா மூடியைக் கடித்தாள்.

கோகுல்ராஜ் சேர்க்கைத் தாளின் நகலை நீட்டினான். “கூட்டிட்டு வந்தவர், உறவு அப்படிங்கற எடத்துல ‘அத்தை’ன்னு போட்டிருக்கீங்க. புள்ள சிலோன்னா, அத்தை எந்த நாடுன்னு அடுத்துக் கேப்பாங்கம்மா.”

புவனா அவனை முறைத்தாள். அப்படியொரு சட்டப் பிரிவு கிடையாது. அந்தப் பாடத்தில் அவனுக்கு அரியர் வேறு. ஆனால் பொன்னுச்சாமிக்குச் சட்டென்று காது கேட்டுவிட்டது. குல்லாவைக் கழற்றினார்.

“ஏத்தா, வெரசாப் போட்டுக் குடுத்துரு. என்னையும் சேத்துக் கப்பலேத்திருவ போலருக்கே.”

குப்பம்மாள் உள்ளே போய், அரிசி ஒட்டிய பேனாவோடு வந்தாள். மாணவர்களின் பேனாவைத் தொடமாட்டாளாம். கையெழுத்துப் போடக் குனிந்தவள் நிமிர்ந்தாள்.

“இந்தாங்க வக்கீலம்மா. அந்தப் புள்ளய இந்தியாக்காரின்னு எழுதிக்கங்க, நான் ஒண்ணுஞ்சொல்லல. எங்க தெருக்காரின்னு மட்டும் எழுதிராதீங்க.”

கோகுல்ராஜ் இதற்கு எந்தப் பிரிவு என்று புவனாவைப் பார்த்தான். அவள் ‘இந்தியர்’ என்பதோடு வாக்கியத்தை முடித்தாள். குப்பம்மாள் எழுத்துக்கூட்டி ரெண்டு தடவை படித்து, தெரு எங்கும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு கையெழுத்துப் போட்டாள்.

தாள் கைக்கு வந்ததும் மணிமேகலை பள்ளிக்கூடத்துக்கு ஓடினாள். தெருவை எழுத முடியாமல் போனதற்குப் புவனா சங்கடத்தோடு லீலாவிடம் மன்னிப்புக் கேட்டாள்.

“அதுக்கு ஏம்மா வருத்தப்படுறீங்க?” என்றாள் லீலா. “இந்தியால எடங்குடுத்துட்டாங்கல்ல. தெருவு அதவிடப் பெருசு போல, சேர நாளாகும். உள்ள வாங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போவீங்க.”